கூட்டுச் சீட்டு வாங்கலாமா?



உங்களுள் பலர் நாள்தோறும் புகைவண்டியிலோ பேருந்திலோ பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று வருகிறவர்கள். அன்றாடம் சீட்டு வாங்குவதைவிட மாதத்திற்கு ஒருமுறை 'சீசன் டிக்கெட்' எடுத்துக்கொள்வது சிக்கனம் என்பதை யாரும் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு மிக எளியது. போகும் இடம் ஒன்று. போகும் நாட்கள் இத்தனை. ஒரு தடவைக்குக் கட்டணம் இவ்வளவு. பெருக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வண்டியில் நீங்கள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். கொடுத்த பணத்திற்குப் பயன் கிடைத்துவிடும்.

இத்தகைய சீட்டொன்றை அருங்காட்சியகங்களுக்கும் வெளிநாட்டுப் பெருநகரங்கள் பல விற்கின்றன. ஒரே சீட்டு, அதைக் காட்டினால் நகரத்திலுள்ள பல காட்சிச்சாலைகளுக்குள்ளும் தனித்தனியே கட்டணம் செலுத்தாமல் நுழையலாம். தமிழில் 'கூட்டுச் சீட்டு' எனலாம்; 'பாஸ்' என்றால் எல்லார்க்கும் விளங்கும். மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் அயல்நாடு செல்லும் இளைஞர்கள் பெருகிவிட்ட இந்நாளில், உங்களுள் சிலரேனும் ஒருநாள் அத்தகைய சீட்டு விற்கும் சாளரத்தின் முன் நின்று, வாங்கலாமா, வேண்டாமா என்று எண்ணப் போகிறீர்கள். ஆகவே அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று கருதுகிறேன். எல்லா நகரங்களையும் இழுக்காமல், நான் அறிந்த பாரிசு நகரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

பாரிசின் கூட்டுச் சீட்டு மூன்று வகைப்படும்: 48 மணி நேரத்திற்கு ஒன்று, 96 மணி நேரத்திற்கு ஒன்று, 144 மணி நேரத்திற்கு ஒன்று. அதாவது இரண்டு, நான்கு, ஆறு நாட்கள். நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள ஏறத்தாழ ஐம்பது அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் அது செல்லும். லூவர், ஓர்சே ஆகிய பெருங் காட்சிச்சாலைகளும், வெற்றி வளைவும், நகருக்கு வெளியே உள்ள வெர்சேல்ஸ் அரண்மனையும் அவற்றுள் அடங்கும். ஈபெல் கோபுரம் அடங்காது. நகரப் போக்குவரத்தும் அடங்காது. முதல் வாயிலில் சீட்டைக் காட்டிய நொடியிலிருந்து மணி ஓடத் தொடங்கும். இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடும். ஓரிடத்திற்கு ஒரு தடவைதான் அனுமதி. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு நாள் சீட்டின் விலை 62 யூரோ, நான்கு நாளுக்கு 77 யூரோ, ஆறு நாளுக்கு 92 யூரோ.

அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் இரண்டு நாட்களைப் பாரிசில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். என் தமக்கையின் மகன் பிரான்சு நாட்டு லியோன் நகரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் காணச் சென்றேன். இருவருமாகச் சனி, ஞாயிறு இரு நாட்கள் தலைநகருக்குப் போவதென்று ஏற்பாடு. 62 யூரோ என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவ்விரு நாட்களின் உணவுக்கும் வழிச்செலவுக்கும் நான் ஒதுக்கியிருந்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. பணம் ஒருபுறம் இருக்க, நான் மீண்டும் ஒருமுறை அந்நகரத்தை மிதிப்பேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை. வயது அப்படி, முழங்காலும் அப்படி. ஆகலின், பணத்தைத் தவறான இடத்தில் போட்டாலும் இழப்பு. நாளைத் தவறான இடத்தில் போட்டாலும் இழப்பு என்ற நிலையில் இருந்தேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். அளப்பது என்று உட்கார்ந்தோம்.

"மாமா, உங்களுக்குப் பாஸ் எடுத்துவிடலாம், அதுதான் இலாபம்" என்று ஒரு தாளை நீட்டினான் அவன். அதில் ஐந்து இடங்கள் எழுதியிருந்தன: லூவர் 22 யூரோ, ஓர்சே 16, வெற்றி வளைவு 16, சேன்த் சாப்பேல் என்னும் பழைய தேவாலயம் 13, மோனே என்ற ஓவியர் தீட்டிய அல்லிக்குள ஓவியங்கள் உள்ள ஒராஞ்சரி 12.50. கூட்டினால் 79.50 யூரோ. பாஸின் விலை 62. ஆதாயம் 17.50 யூரோ. கூட்டலில் பிழையில்லை. கணக்கு ஆசிரியர் எவரும் முழு மதிப்பெண் வழங்கிவிடுவார்.

ஆனால் அந்தத் தாளில் ஓர் எண் விடுபட்டிருந்தது. அது மணிக்கணக்கு. 48 மணி நேரம் என்று சீட்டில் அச்சிட்டிருப்பது உண்மையே. ஆயினும் காட்சிச்சாலைகள் இரவெல்லாம் திறந்திருப்பதில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை என்று வைத்துக்கொண்டால், இரு நாட்களுக்கும் சேர்த்துக் கையில் இருப்பவை 18 மணி. உணவுக்கு நாளுக்கு ஒரு மணி வீதம் 2 மணியைக் கழியுங்கள். வாயில்தோறும் பாதுகாப்புச் சோதனைக்கென்று வரிசை உண்டு; அந்த வரிசையிலிருந்து பாஸ் வைத்திருப்போர்க்கும் விலக்கில்லை. இடத்திற்கு அரை மணி என்றால் ஐந்து இடங்களுக்கு 2½ மணி. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லவும், என் போன்றவர்கள் சற்றே அமர்ந்து இளைப்பாறவும் 3 மணி. எஞ்சியவை 10½ மணி. ஐந்தால் வகுத்தால் இடத்திற்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல்.

லூவருக்கு இரண்டு மணி நேரம்! அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் பொருள்கள் ஏறத்தாழ 35,000. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, நாளொன்றுக்கு 9 மணி நேரம் நின்று பார்த்தாலும், முடிக்க அறுபத்தைந்து நாட்கள் வேண்டும். அத்தனையும் பார்க்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை, எவராலும் முடியாது. முடியாது என்று தெரிந்தபின், எதைப் பார்ப்பது என்று முன்னதாகவே முடிவு செய்வதல்லவா அறிவு? அந்த முடிவைப் பாஸ் நமக்காகச் செய்யாது, நாமே செய்யவேண்டும்.

ஆகவே தாளைத் திருப்பிப் போட்டு, விலையை மறந்துவிட்டு, நாங்கள் உண்மையிலேயே காண விரும்புவன எவை என்று எழுதினோம். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் அம்முராபியின் சட்டத் தொகுப்பைப் பற்றிப் பாடம் சொன்னவன் நான். அச்சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண் லூவரில் இருக்கிறது. அதைக் கண்ணால் காணவேண்டும் என்பது என் முதல் ஆசை. இரண்டாவது, ஆசிய நாட்டுக் கலைப் பொருள்களைக் கொண்ட கீமே அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் மருமகனோ ஓவியத்தில் நாட்டமுடையவன், அவனுக்கு ஓர்சே. சேன்த் சாப்பேலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை இருவருமே விரும்பினோம். வெற்றி வளைவையும் அல்லிக்குளத்தையும் இருவருமே எழுதவில்லை. அவை சிறந்தவை அல்ல என்பதன்று பொருள். முதல் தாளில் அவை இடம்பெற்றது, பாஸின் விலையைத் தாண்டக் கூட்டுத்தொகைக்குத் துணை வேண்டியிருந்ததால்தான். நாங்கள் தேடிச் செல்லவிருந்த நடராசரோ அந்தத் தாளிலேயே இல்லை!

பட்டியல் கிடைத்தபின் விதிகளைப் படித்தோம். நண்பர்களே, இந்தப் பகுதியை மட்டும் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். ஏனெனில் உங்கள் வயதுக்காகவே எழுதப்பட்ட விதிகள் இவை. பிரான்சு நாட்டின் தேசிய அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டோர் எந்நாட்டவராயினும் நிரந்தரக் காட்சிகளைக் கட்டணமின்றிக் காணலாம். ஆகவே சிறுவர்க்குப் பாஸ் வாங்கத் தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட இளைஞர்க்கும் அச்சலுகை உண்டு. லியோனில் வசிப்பிட அனுமதியோடு படிக்கும் 22 வயது மாணவனான என் மருமகனுக்குப் பாஸ் வீண் செலவு. அடையாளச் சீட்டே போதும். இனி, அந்நகராட்சியே நடத்தும் கார்னவாலே, பெத்தி பாலே போன்ற காட்சிச்சாலைகளின் நிரந்தரக் காட்சிகள் எல்லார்க்கும் எந்நாளும் இலவசம். இவற்றோடு, திங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர்சேயும் ஒராஞ்சரியும் கீமேயும் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்படுகின்றன. ஓர்சேக்கும் ஒராஞ்சரிக்கும் முன்பதிவு செய்துகொள்ளவேண்டும்.

நாங்கள் செல்லவிருந்த ஞாயிறு ஏப்ரல் 7. திங்களின் முதல் ஞாயிறு!

கணக்கு ஒரே வரியில் முடிந்துவிட்டது. சனிக்கிழமை லூவருக்கு 22, சேன்த் சாப்பேலுக்கு 13. ஆக 35 யூரோ. ஞாயிற்றுக்கிழமைக்குச் செலவே இல்லை. 62-க்குப் பதில் 35. இதை ஏதோ தந்திரம் என்று எண்ணாதீர்கள். வேறொரு ஞாயிறாக இருந்திருந்தால் ஓர்சேக்கும் கீமேக்கும் கட்டணம் சேர்ந்து, இரண்டு வழிகளும் ஏறத்தாழச் சமமாகியிருக்கும். அப்போது வாயில்தோறும் பணம் எண்ணும் தொல்லையைக் குறைப்பதற்காகவே பாஸ் வாங்கியிருப்பேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இலவச நாளுக்கு வேறொரு விலையும் உண்டு, அது கூட்டம். ஓர்சேயில் அன்று தேர்த்திருவிழாக் கூட்டம். புகழ்பெற்ற வான்கோவின் படங்களுக்கு முன்னே தலைகளைத்தான் முதலில் காணவேண்டியிருந்தது.

அந்த ஓர்சே, 1900-இல் புகைவண்டி நிலையமாகத் திறக்கப்பட்டு, 1986-இல் அருங்காட்சியகமாக மாறிய கட்டடம். மேலே பெரிய கடிகாரங்கள் இன்றும் இருக்கின்றன. கூட்டத்திலிருந்து சற்றே விலகி, மில்லே என்பவர் 1857-இல் தீட்டிய படத்தின் முன் என் மருமகன் நின்றான். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர்களைக் குனிந்து பொறுக்கும் மூன்று பெண்கள். "நம் ஊர்ப் படம் போல் இருக்கிறது மாமா" என்றான். அவன் பாட்டி அறுவடை முடிந்த தாளடியில் கதிர் பொறுக்கியவள்; அந்தக் கதையை அவனுக்கு அங்கே நின்று சொன்னேன். இதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த இடத்திற்கு ஓட வேண்டும் என்ற அவசரம் இருந்திருந்தால் அந்தக் கால் மணி எங்களுக்குக் கிடைத்திராது.

பிற்பகல் கீமேக்குச் சென்றோம். லியோன் நகரத்துத் தொழிலதிபர் எமில் கீமே சேர்த்த பொருள்களைக் கொண்டு 1889-இல் பாரிசில் திறக்கப்பட்ட காட்சிச்சாலை அது. அங்கே அவ்வளவு கூட்டமில்லை. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசரைக் கண்ணெதிரே கண்டேன். நம் கோயில்களில் திருமேனியைப் பட்டும் மலரும் மூடியிருக்கும். முகமும் தூக்கிய திருவடியும் மட்டுமே புலப்படும். அதுவே நமக்குப் போதும். இங்கோ மலரில்லை, விளக்கில்லை, மணியோசை இல்லை. வார்த்தவன் கைவண்ணம் முழுவதும் தெரிந்தது. தோளிலிருந்து இடை வரை ஓடும் கோடும், முயலகன் மேல் ஊன்றிய காலில் இறங்கும் பாரமும் ஊனக்கண்ணுக்குப் புலனாயின. இதைக் கண்டதில் மகிழ்ச்சி மிகுதியா, இது இவ்வளவு தொலைவில் நிற்கிறதே என்ற வருத்தம் மிகுதியா என்று என்னைக் கேட்டால் இன்றும் விடை சொல்லத் தெரியவில்லை. முன்னே நின்று பார்த்தேன்; பக்கத்தில் நின்று பார்த்தேன்; ஓரமாக ஓர் இருக்கையில் அமர்ந்தும் பார்த்தேன். மூடும் நேரம் நெருங்கும் வரை அங்கேயே இருந்தோம். இது எத்தனை யூரோ பெறும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாஸ் கூடாதென்று நான் வாதிப்பதாக நினைத்துவிடாதீர்கள். அது யாருக்குப் பொருந்தும் என்பதையும் அதே நடுநிலையோடு சொல்லவேண்டும்.

முதலாவது, நாள் மிகுதியாக உள்ளவர்க்கு அது பொருந்தும். மூன்று விலைகளையும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நாள் சீட்டில் நாளொன்றுக்கு 31 யூரோ. நான்கு நாள் சீட்டில் 19.25. ஆறு நாள் சீட்டில் 15.33. அதாவது ஆறு நாள் தங்குபவர், நாளைக்கு ஒரே ஒரு காட்சிச்சாலைக்கு நிதானமாகச் சென்றாலும், ஓர்சேயின் ஒரு நுழைவுச் சீட்டைவிடக் குறைவாகவே செலவழிக்கிறார். நான்கு நாள் தங்குபவர் லூவர், ஓர்சே, சேன்த் சாப்பேல், ஒராஞ்சரி ஆகியவற்றோடு 21 யூரோ கட்டணமுள்ள வெர்சேல்ஸ் அரண்மனையையும் சேர்த்துக்கொண்டால் தனித்தனிக் கட்டணம் 84.50 ஆகும், பாஸ் 77. அவசரமும் இல்லை, ஆதாயமும் உண்டு. ஆனால் மிகுதியாக விற்கத் தோதானது, நாள் குறைந்தவரின் அவசரத்தைக் குறிவைக்கும் இரண்டு நாள் சீட்டே என்பது என் எண்ணம். அதையும் அறிவோடு பயன்படுத்தலாம்: சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முதல் வாயிலில் நுழைந்தால், திங்கட்கிழமை பிற்பகல் 3 மணி வரை அது உயிரோடிருக்கும். இரண்டு நாள் சீட்டு மூன்று நாட்களைத் தொடும்.

இரண்டாவது, தனக்கு எது பிடிக்கும் என்றே இன்னும் அறியாதவர்க்கு அது பொருந்தும். இளைஞர்களான உங்களுக்கு இது முக்கியமான செய்தி. தனிக் கட்டணம் கொடுத்து நுழையத் துணியாத சிறிய காட்சிச்சாலைகள் பல அந்நகரில் உண்டு. கையில் பாஸ் இருந்தால், 'போய்த்தான் பார்ப்போமே' என்ற துணிவு வரும். தொழிற்கலைகளுக்கான அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. பாஸ்கல் அமைத்த கணக்குப் பொறியும், வேதியியல் அறிஞர் லவாசியேயின் ஆய்வுக்கூடக் கருவிகளும், பூமி சுழல்வதைக் கண்ணால் காணும்படி செய்ய ஃபூக்கோ பயன்படுத்திய ஊசலும் அங்கே உள்ளன. 1851-இல் அவர் அதைப் பொதுமக்களுக்குக் காட்டிய பாந்தியோன் மண்டபமும் அதே பாஸில் அடங்கும். விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டால், பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம் எழுந்து நடமாடுவதைப் பார்ப்பான்.

மூன்றாவது, வாங்குமுன் நாட்காட்டியைப் பார்ப்பவர்க்கே அது பொருந்தும். லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சேக்கும் வெர்சேல்சுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள், செவ்வாய் இரு நாட்களுக்குப் பாஸ் வாங்கியவர் பெருங் காட்சிச்சாலைகளுள் பாதியைப் பூட்டிய கதவாகவே காண்பார். மேலும் லூவர், சேன்த் சாப்பேல் போன்றவற்றுக்குப் பாஸ் இருந்தாலும் நுழையும் நேரத்தைத் தனியே முன்பதிவு செய்யவேண்டும். நேரம் கிடைக்காவிட்டால் பாஸ் கையில் இருந்தும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே முதலில் நேரம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, பின்னர் பாஸ் வாங்குவதே முறை.

சீட்டின் அமைப்பு நம் பார்வையையும் மாற்றிவிடுகிறது என்பதை வேறு நாடுகளோடு ஒப்பிட்டால் அறியலாம். இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் திறக்கப்பட்டபோதே கட்டணமின்றித் திறக்கப்பட்டது. அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகள் 2001-ஆம் ஆண்டு திசம்பரிலிருந்து இலவசம். அங்கே மழைக்கு ஒதுங்கியவன்கூட ஒரே ஒரு சிலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். நெதர்லாந்து நாட்டில் ஓராண்டு முழுவதும் செல்லும் அருங்காட்சியக அட்டை ஒன்று உண்டு. நாட்டிலுள்ள ஏறத்தாழ 500 காட்சிச்சாலைகளுக்கு அது செல்லும். அதை வைத்திருப்பவர் இன்று அரை மணி, அடுத்த வாரம் அரை மணி என்று நண்பர் வீட்டுக்குப் போவதுபோல் போய்வரலாம். மணிக்கணக்கில் அளந்து தரும் சீட்டோ, கலியாண விருந்துக்குப் பணம் கொடுத்துச் சாப்பிட உட்கார்ந்தவன் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. பசி தீர்ந்தபின்னும், காசு கொடுத்தாயிற்றே என்று இன்னொரு கவளம் உண்கிறோம். கொடுத்த காசு திரும்பி வரப்போவதில்லை, வயிறுதான் கெடும். காட்சிச்சாலைகளிலும் அப்படியே. ஐந்தாவது இடத்தில் நுழையும்போது கால் மட்டுமே உள்ளே போகிறது; கண்ணும் கருத்தும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன.

லூவரின் வரலாறும் இங்கே எண்ணத்தக்கது. அரசர்களின் அரண்மனையாக இருந்த அவ்விடம், புரட்சிக் காலத்தில், 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் மக்களுக்கு உரிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1922 வரை அங்கே நுழைவுக் கட்டணம் இருந்ததில்லை. நூறாண்டுக்குப் பின் நான் 22 யூரோ கொடுத்தேன். 2026-ஆம் ஆண்டு சனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதார வட்டத்திற்கு வெளியிலிருந்து வருவோர்க்கு அது 32 யூரோ ஆகிவிட்டது. பாஸின் விலையும் அதன்பின் ஏறியிருக்கிறது. ஆதலால் நான் சொன்ன தொகைகளை மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள்; நீங்கள் போகும் நாளில் அவை வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழியை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த வழி நான்கே கேள்விகளில் அடங்கும். நான் உண்மையிலேயே காண விரும்புவன எவை? அவற்றுள் எனக்குக் கட்டணமில்லாதவை எவை? ஒவ்வொன்றின் முன்னும் எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறேன்? நான் போகும் நாட்களில் அவை திறந்திருக்குமா? இந்நான்கிற்கும் விடை எழுதியபின், எஞ்சிய கட்டணங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பாஸின் விலைக்கு மேல் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். குறைந்திருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். கூட்டுத்தொகை போதவில்லையே என்று பட்டியலில் புதிதாக ஓரிடத்தைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் கேள்விக்கு விடை எழுதப் பயிற்சி வேண்டும். ஒரு பொருளின் முன் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதை நின்று பார்த்தவனே அறிவான். அதற்குப் பாரிசு போகவேண்டியதில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். சென்னைவாசிகள் ஒருகாலத்தில் அக்கட்டடத்தைச் 'செத்த காலேஜ்' என்று வழங்கினார்கள். அடுத்த விடுமுறை நாளில் அந்தக் காலேஜுக்குப் போங்கள். மற்றவற்றை இன்னொரு நாளுக்கு ஒத்திவைத்து, அந்தத் திருமேனி ஒன்றை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். முதற் பத்து நிமிடம் நீளமாகத் தோன்றும். அதன்பின் கண் தானே வேலை செய்யத் தொடங்கும்.